‘ழ’வின் வளைவுக்கு வழி சொல்லுங்கள்

வணக்கம். கொழும்பு கொட்டாஞ்சேனையிலிருந்து எழுதுகிறேன். அப்பா தூரிகையால் எழுதிய எங்கள் கடைப் பெயர்ப்பலகை வெயிலில் உரிந்துகொண்டிருக்கிறது. அதைப் படம் எடுத்து, கிம்ப் என்ற படத் திருத்த மென்பொருளில், புள்ளிகளை இணைத்துக் கோடு வரையும் பாதைக் கருவியால் அவர் எழுத்தையே வரைந்து புதுப் பலகைக்குக் கொடுக்க ஆசை. கணினி எழுத்துருவே போதும் என்கிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை.

நேர்கோடுகள் வந்துவிட்டன. சொடுக்கி இழுத்தால் புள்ளியின் இருபுறமும் வளைவைத் திருத்த உதவும் கைப்பிடிகள் முளைத்து வளைவு உருவாவதும் புரிந்துவிட்டது. முதலில் ஒரு ‘ழ’வுக்கு 30 புள்ளிகள் வைத்தேன், கோடு நடுங்கியது. வளைவு திரும்பும் இடங்களில் மட்டும் வைத்ததும் சீரானது.

சிக்கல், சிறிய சுழி நீண்ட வாலாக மாறும் இடத்தில்தான். ஒரு கைப்பிடியைத் திருப்பினால் அங்கே முனை ஒடிகிறது. ஷிஃப்ட் விசையை அழுத்தி இழுத்தால் இரண்டும் ஒரே நீளமாகிவிடுகின்றன. எனக்கு வேண்டியது ஒரே கோட்டில் நிற்கும், ஆனால் நீளம் வேறுபடும் கைப்பிடிகள். கிம்ப்பில் இதற்கு வழி உண்டா? அல்லது பாதையை எஸ்விஜி என்ற கோட்டுப்படக் கோப்பாக எடுத்து, இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் திருத்துவது நல்லதா?

வெள்ளவத்தைப் பக்கம் யாராவது நேரில் காட்டித் தருவீர்களானால், ஞாயிற்றுக்கிழமை மடிக்கணினியோடு வந்துவிடுவேன்.