எலைன் சாவோ: அமைச்சர் நாற்காலிக்குக் கொண்டுவந்தது திறமையா, குடும்பமா?

அலைவாணன்:
அமெரிக்க அமைச்சரவையில் இடம்பெற்ற முதல் ஆசிய அமெரிக்கப் பெண் எலைன் சாவோ. அவர் பெயரை எடுத்தாலே "செனட்டர் மிட்ச் மெக்கானலின் மனைவி, அதனால் கிடைத்த பதவி" என்று பேச்சை முடித்துவிடுகிறார்கள். ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் அது நிற்காது.

1953-இல் தைபேயில் பிறந்தவர். 1961-இல், எட்டு வயதில், தாயுடனும் இரண்டு தங்கைகளுடனும் சரக்குக் கப்பலில் 37 நாள் பயணம் செய்து அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். ஆங்கிலம் ஒரு சொல் தெரியாது. 19 வயதில் குடியுரிமை, 1979-இல் ஹார்வர்டில் எம்.பி.ஏ., உடனே சிட்டிகார்ப் வங்கியில் கப்பல் கடன் வேலை. 1983-இல் வெள்ளை மாளிகை ஃபெலோ, அதாவது ஓராண்டு அரசின் உயர்மட்டத்தில் பணிபுரியத் தேர்ந்தெடுக்கப்படும் இளையோரில் ஒருவர். பிறகு சான் பிரான்சிஸ்கோவில் பேங்க் ஆஃப் அமெரிக்கா குழுமத்தில், பல வங்கிகள் சேர்ந்து கொடுக்கும் கூட்டுக்கடன்களுக்கான துணைத் தலைவர். 1986-இல் அமெரிக்கக் கடல்வணிக நிர்வாகத்தின் துணை நிர்வாகி, 1988-இல் ஃபெடரல் கடல்வணிக ஆணையத்தின் தலைவர், 1989-இல் போக்குவரத்துத் துறைத் துணை அமைச்சர், 1991-இல் வெளிநாடுகளுக்குத் தன்னார்வலர்களை அனுப்பும் அமைதிப் படை என்ற அரசு அமைப்பின் இயக்குநர். மெக்கானலுடன் திருமணம் 1993-இல்தான்.

1986 நியமனத்தைக் கவனியுங்கள். அந்த நிர்வாகம் கப்பல் கட்டுவோரின் கடனுக்கு அரசு உத்தரவாதம் தரும் இடம். எண்பதுகளின் நடுவில் கடல் எண்ணெய்த் தொழில் படுத்துவிட்டது, கப்பல் முதலாளிகள் தவணை கட்ட முடியாமல் நின்றார்கள், உத்தரவாதம் கொடுத்த அரசின் தலையில் கடன் விழுந்தது. அந்த நேரத்தில் அங்கே தேவைப்பட்டது கப்பல் கடன் பத்திரத்தைப் படிக்கத் தெரிந்த ஆள். அவருக்கு அது தெரியும்.

நெல்லைத்தராசு:
வரிசை சரி. திருமணத்தை நானும் காரணமாகச் சொல்ல மாட்டேன். ஆனால் கப்பல் கடன் எங்கிருந்து வந்தது என்பதை விட்டுவிட்டீர்களே, அலைவாணன்! அவருடைய தந்தை ஜேம்ஸ் சாவோ 1964-இல் நியூயார்க்கில் தொடங்கியது ஃபோர்மோஸ்ட் என்ற கப்பல் நிறுவனம். தானியம், தாது போன்ற சரக்கைப் பொதியாமல் அப்படியே கொட்டி ஏற்றும் கப்பல்கள் அவர்களுடையவை. கப்பல் வட்டாரம் சிறிய வட்டாரம். அங்கே குடும்பப் பெயருக்கு மதிப்பு உண்டு. 2008-இல் மகளுக்கும் மருமகனுக்கும் குடும்பத்திலிருந்து வந்த பரிசை மெக்கானல் தன் நிதி அறிக்கையில் 50 லட்சம் முதல் 2.5 கோடி டாலர் வரை என்று காட்டினார்.

எனக்கு இதைவிட முக்கியம், பதவியில் அவர் செய்தது. 2001 முதல் 2009 வரை தொழிலாளர் அமைச்சர். புஷ்ஷின் முதல் அமைச்சரவையிலிருந்து எட்டு ஆண்டும் நீடித்தவர் அவர் ஒருவர்தான். அந்த எட்டு ஆண்டில் 2004-இன் மிகைநேர ஊதிய விதி ஒன்றே போதும், யார் பக்கம் நின்றார் என்று காட்ட.

அலைவாணன்:
அந்த விதியை முழுதாகச் சொல்லுங்கள், தராசு சார். அதற்கு முன் இருந்த வரம்பு வாரம் 155 டாலர், 1975-இல் வைத்தது. அதற்கு மேல் சம்பளம் வாங்கி, மேலாளர் வேலை செய்கிறவர் என்று முதலாளி காட்டிவிட்டால் மிகைநேர ஊதியம் தர வேண்டியதில்லை. 2004-இல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 5.15. நாற்பது மணி நேரத்துக்கு 206 டாலர். அதாவது வரம்பு குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கிடந்தது, யாரையும் காக்காத வரம்பு. 29 ஆண்டாக அது உயரவே இல்லை. சாவோ அதை 455 ஆக்கினார், ஆண்டுக்கு 23,660 டாலர். புதிதாக 13 லட்சம் பேருக்கு மிகைநேர உரிமை உறுதியாகும் என்பது துறையின் கணக்கு.

நெல்லைத்தராசு:
வரம்பை உயர்த்தியது உண்மை, அதை மறுக்கவில்லை. அதே விதியில் வேலைத் தன்மைச் சோதனையை என்ன செய்தார் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். பழைய விதியில் இரண்டு சோதனைகள் இருந்தன. குறைந்த சம்பளக்காரருக்கான நீண்ட சோதனையில், "நிர்வாகி" என்று சொல்லப்படுபவர் சாதாரண வேலைக்கு வாரத்தில் 20 விழுக்காட்டு நேரத்துக்கு மேல் செலவிட்டால் அவர் நிர்வாகி ஆகமாட்டார். சில்லறைக் கடைக்கு 40 விழுக்காடு. 2004 இரண்டையும் ஒன்றாக்கியது. இப்போது கேள்வி "முதன்மை வேலை எது" என்பது மட்டும்தான், மணிக்கணக்கு தீர்மானிக்காது. போதாததற்கு 541.106 என்ற பிரிவு: கடையின் உதவி மேலாளர் அலமாரியில் சரக்கு அடுக்கிக்கொண்டே ஆட்களையும் மேற்பார்த்தால் இரண்டும் ஒரே நேரத்தில் நடப்பதாகக் கொள்ளலாம்.

2020-இல் வரம்பு மறுபடி உயரும் வரை நடைமுறையில் விளைவு இதுதான்: வாரம் 460 டாலர் வாங்கி, அறுபது மணி நேரம் வேலை செய்து, அதில் நாற்பத்தைந்து மணி நேரம் கல்லாவிலும் கிடங்கிலும் நின்றவரும் "நிர்வாகி". 455-ஐத் தாண்டிய ஐந்து டாலர் அவருடைய இருபது மணி நேர மிகைநேர ஊதியத்தைத் தின்றுவிட்டது. குறைந்தது 60 லட்சம் பேர் உரிமை இழப்பார்கள் என்று பொருளாதாரக் கொள்கை நிறுவனம் என்ற ஆய்வு அமைப்பு அன்றைக்கே எச்சரித்தது.

அதே ஆண்டுகளில் தொழிற்சங்கங்களுக்கு விதி இறுகியது. ஆண்டு வரவு 2,50,000 டாலர் தொட்ட சங்கம் 5,000 டாலர் அல்லது அதற்கு மேலான செலவுகளைத் தனித்தனியே பட்டியலிட வேண்டும். உறுப்பினர் பணம் வெளிப்படையாக இருப்பது நல்லதுதான். அதே கறார் சுரங்க முதலாளிகள் மேல் இருந்ததா?

ஒவ்வொரு நிலத்தடிச் சுரங்கத்தையும் ஆண்டுக்கு நான்கு முறை முழுதாகச் சோதிக்க வேண்டும் என்பது 1977 சட்டம். 2006-இல், 731 நிலத்தடி நிலக்கரிச் சுரங்கங்களில் ஏழில் ஒன்றுக்கும் மேல் அது நடக்கவில்லை என்று துறையின் சொந்தத் தணிக்கையே சொன்னது. மேற்கு வர்ஜீனியாவின் சாகோவில் 12 பேர் செத்ததும் அதே 2006 ஜனவரியில்தான். அடுத்த ஆண்டு யூட்டாவில் கிராண்டல் கேன்யன் சுரங்கம். கூரையைத் தாங்க விட்டுவைத்த நிலக்கரித் தூண்களையும் பின்வாங்கிக்கொண்டே வெட்டி எடுக்கும் முறை அங்கே. மார்ச்சில் வடக்குப் பகுதியில் பாறை அழுத்தம் வெடித்து அங்கே வேலையைக் கைவிட்டார்கள். அதற்குப் பிறகும் தெற்குப் பகுதியில் அதே முறைக்குத் துறை அனுமதி கொடுத்தது. ஆகஸ்ட் 6-இல் ஆறு பேர் புதைந்தார்கள். பத்து நாள் கழித்து, மீட்கப் போன மூன்று பேரும் செத்தார்கள். அனுமதி கொடுத்ததில் சுரங்கப் பாதுகாப்புப் பிரிவு அலட்சியமாக இருந்தது என்று 2008-இல் துறையின் தலைமை ஆய்வாளரே எழுதினார். அந்தப் பிரிவு யார் கீழ் இருந்தது?

அலைவாணன்:
அவர் கீழ்தான். கிராண்டல் கேன்யனுக்கு என்னிடம் மறுமொழி இல்லை.

தென்றல்முத்து:
நடுவில் ஒன்று. சாவோ வாக்காளரிடம் போய் நின்று வென்றவர் இல்லை, எல்லாமே நியமனம். வந்தேறிப் பெண்ணுக்கு அமெரிக்காவில் இந்த இரண்டு வழிகளின் விலையும் வேறு. கீழவைக்கு ஏழு ஆண்டு குடியுரிமை வேண்டும், செனட்டுக்கு ஒன்பது. அமைச்சர் பதவிக்கு அப்படி ஆண்டுக்கணக்கு கிடையாது.

சென்னையில் பிறந்த பிரமிளா ஜெயபாலைப் பாருங்கள். 16 வயதில் தனியாக அமெரிக்கா போனார், ஜார்ஜ்டவுனில் படிப்பு, வால் ஸ்ட்ரீட்டில் வேலை, எம்.பி.ஏ. இதுவரை சாவோவின் பாதை போலவே. ஆனால் விசா மேல் விசாவாக மாறி, குடியுரிமை கிடைத்தது 2000-இல். 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின் சியாட்டிலில் வந்தேறிகளுக்காக அமைப்பு தொடங்கினார். 2014-இல் மாநில செனட், 2016-இல் கீழவை. வாசல் வாசலாகப் போய் ஓட்டுக் கேட்ட பாதை. சாவோ எட்டு வயதில் வந்ததால் 19-லேயே குடிமகளாகிவிட்டார். வெள்ளை மாளிகை ஃபெலோ ஆவதற்கும் குடியுரிமை வேண்டும். அந்தப் பத்துப் பதினைந்து ஆண்டு முன்னிலையை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

இன்னொன்று, குடியரசுத் தலைவர் பதவிக்கான வாரிசு வரிசையில் தொழிலாளர் அமைச்சர் 11-ஆவது, போக்குவரத்து அமைச்சர் 14-ஆவது. சாவோ பிறப்பால் குடிமகள் அல்ல என்பதால் இரண்டு முறையும் வரிசை அவரைத் தாண்டித்தான் போயிருக்கும்.

கணக்கர் கோமதி:
அலைவாணன் அண்ணா, தொழிலாளர் துறையை விடுங்கள். 2017-இல் டிரம்ப் அமைச்சரவையில் போக்குவரத்து அமைச்சரான பிறகு நடந்ததைப் பார்ப்போம். தொழிலிலிருந்து அரசுக்கு வரும் எவரும் கவனிக்க வேண்டிய இடம் அது.

அமைச்சராக வருகிறவர் முதலில் 278-இ படிவத்தில் சொத்தையெல்லாம் காட்டுவார். அரசு நன்னெறி அலுவலகம் அதைப் பார்த்து, எதை விற்க வேண்டும், எதில் ஒதுங்கி இருக்க வேண்டும் என்று ஒப்பந்தம் போடும். விற்பதால் வரும் மூலதன ஆதாய வரியைத் தள்ளிப்போடச் சான்றிதழ் உண்டு, ஆனால் அதை விற்பதற்கு முன்பே வாங்க வேண்டும். விற்ற 60 நாளுக்குள் பணத்தை அரசுக் கடன் பத்திரத்திலோ பரவலான பரஸ்பர நிதியிலோ போட வேண்டும். இவ்வளவு வசதி இருக்கிறது.

சாவோ 2015 முதல், அமைச்சராகும் முன், வல்கன் மெட்டீரியல்ஸ் இயக்குநராக இருந்தவர். சாலைக்குப் போடும் ஜல்லி, மணலில் அமெரிக்காவின் மிகப் பெரிய நிறுவனம். இயக்குநருக்கு ஊதியமாகக் கொடுத்து, பின்னர் தீர்ப்பதற்கு ஒத்திவைத்த பங்கு அலகுகள் 2018 ஏப்ரலில் பணமாகக் கிடைக்கும் என்றது ஒப்பந்தம். கிடைத்தது பணமல்ல, பங்கு. அங்கேயே விற்றிருந்தால் முடிந்திருக்கும். ஓராண்டுக்கு மேல் வைத்திருந்தார். 2019 மே மாதம் செய்தி வெளியானதும் ஜூனில் விற்றார், அதற்குள் 40,000 டாலருக்கு மேல் ஆதாயம்.

சட்டம் மீறப்பட்டதா என்று கேட்டால், குற்றவியல் பிரிவு 208 "குறிப்பிட்ட விவகாரம்" ஒன்றில் பங்கேற்பதைத்தான் தடுக்கிறது. நாடு முழுமைக்குமான சாலைத் திட்டம் அந்தச் சொல்லுக்குள் அடங்காது என்று வாதிடலாம், துறையும் முரண்பாடு இல்லை என்றது. ஆனால் நாட்டின் சாலைச் செலவைப் பேசும் அமைச்சர் ஜல்லிக் கம்பெனிப் பங்கை வைத்திருப்பது எந்த வாதத்தாலும் சரியாகாது.

அலைவாணன்:
கோமதி, ஒப்பந்தத்தில் எழுதிய ஒன்று நடைமுறையில் வேறாக வந்தது. அது நிறுவனத்தின் பட்டுவாடா முறை. உள்நோக்கம் என்று எப்படிச் சொல்வீர்கள்?

கணக்கர் கோமதி:
உள்நோக்கம் என்று நான் சொல்லவே இல்லை. பங்கு கைக்கு வந்த நாளில் பொறுப்பு அவருடையது என்கிறேன்.

போக்குவரத்துத் துறையின் தலைமை ஆய்வாளர் அறிக்கையையும் சேர்த்துப் படியுங்கள், 2021 மார்ச்சில் வெளியானது. தந்தையின் வாழ்க்கை வரலாற்று நூலை விளம்பரப்படுத்த ஊழியர்களைப் பயன்படுத்தினார், 2017 சீனப் பயணத்தில் உறவினர்களையும் சேர்க்கச் சொன்னார், குடும்ப அறக்கட்டளை தொடர்புள்ள மாணவரின் வேலை அனுமதி பற்றி உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையில் விசாரிக்கச் சொன்னார் என்றெல்லாம் அதில் இருக்கிறது. அந்தப் பயணம் கடைசியில் ரத்தானது. ஆய்வாளர் நீதித்துறைக்கு அனுப்பினார், அவர்கள் வழக்கெடுக்க மறுத்தார்கள். தந்தையை முன்னிறுத்துவது ஆசியர்களிடம் நல்ல வரவேற்பைப் பெறும் என்பது துறை தந்த விளக்கம்.

அந்த விளக்கம்தான் எனக்கு மிகவும் வருத்தம். பெற்றோரைப் போற்றுவது நம்மிடமும் இருக்கிற பண்பு. அதைச் சம்பள ஊழியரின் வேலை நேரத்தில் செய்யச் சொல்லிவிட்டு, ஆசியப் பண்பாடு என்று பெயர் வைத்தால், அடுத்து வரும் ஆசியப் பெண்ணை எல்லோரும் சந்தேகத்தோடு பார்ப்பார்கள். கீழே வேலை பார்ப்பவரின் அலுவல் நேரத்தைச் சொந்த வேலைக்குத் திருப்பக் கூடாது என்று அரசு ஊழியர் நடத்தை விதிகளின் 2635.705 நேராகவே சொல்கிறது, அதில் பண்பாட்டு விலக்கு கிடையாது.

அலைவாணன்:
ஊழியர் நேரம் பற்றிச் சொன்னது நியாயம், ஏற்கிறேன். ஆனால் டிரம்ப் ஆதரவாளர்கள் நாடாளுமன்றக் கட்டடத்தில் புகுந்த 2021 ஜனவரி 6 கலவரத்துக்கு மறுநாள், அமைச்சர்களிலேயே முதல் ஆளாக விலகல் கடிதம் கொடுத்தவரும் அவர்தான்.

நெல்லைத்தராசு:
விலகியதால் என்ன ஆனது? கடமையாற்ற இயலாத குடியரசுத் தலைவரின் அதிகாரத்தைத் துணைத் தலைவரிடம் மாற்றும், அரசியலமைப்பின் 25-ஆவது திருத்தத்தின் நான்காம் பிரிவை எடுக்கத் துணைத் தலைவரும் 15 துறைத் தலைவர்களில் பெரும்பான்மையும் வேண்டும், அதாவது எட்டுப் பேர். உள்ளே இருந்து அந்த எட்டில் ஒருவராக நிற்பது கடினமான வேலை. அவர் 11-ஆம் தேதி வெளியேறினார். அதே ஆண்டு ஆகஸ்டில் குரோகர் மளிகைக் கடைத் தொடரின் இயக்குநர். அதே ஆண்டில், ஓட்டுநர் இல்லாமல் ஓடும் லாரிகளுக்கான மென்பொருளைச் செய்த எம்பார்க் நிறுவனத்திலும் இயக்குநர். தானியங்கி வண்டிகளுக்கான வழிகாட்டிகளை 2017, 2018, 2020 என மூன்று முறை வெளியிட்டது அவருடைய துறைதான்.

கணக்கர் கோமதி:
அதற்குத் தடை இல்லை, சார். குற்றவியல் சட்டத்தின் 207-ஆம் பிரிவில் முன்னாள் அமைச்சருக்கு இருப்பது, இரண்டு ஆண்டுக்குத் தன் பழைய துறையையும் மற்ற துறைகளின் உயர் பதவியினரையும் ஒரு நிறுவனத்துக்காக அணுகக் கூடாது என்பது. இயக்குநர் குழுவில் உட்கார்ந்து, "இந்த விதியை அந்தத் துறை எப்படிப் படிக்கும்" என்று உள்ளே ஆலோசனை சொன்னால் அது அணுகுதல் ஆகாது. பழைய துறையிடம் ஐந்தாண்டு பரிந்துபேசக் கூடாது என்று 2017-இல் வாங்கிய உறுதிமொழியையும் டிரம்ப் தன் முதல் பதவிக்காலம் முடிந்த அன்று ரத்துசெய்துவிட்டார். மாற்றவேண்டிய இடம் 207.