நைரோபியில் நாலு நாள், எந்தக் காட்டுக்குப் போவது?

*குழு: மாம்பலம் வீடு*

*வெள்ளி*

ரமா: சுந்தருக்கு நைரோபி ஆபீஸ் வேலை புதன்கிழமையோடு முடிகிறது. வியாழன் காலையிலிருந்து ஞாயிறு சாயங்காலம் வரை ஃப்ரீ. ஞாயிறு ராத்திரி மும்பை ஃபிளைட். அம்மாவும் நிலாவும் கூட வருகிறார்கள். ஏஜென்ட் ஒரு பிளான் அனுப்பியிருக்கிறார். முரளி மாமா, நைரோபியிலேயே இருப்பவர் நீங்கள், கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்.

ரமா: 📄 4 நாள், 3 சரணாலயம்: அம்போசெலி, நகுரு, மாசாய் மாரா

கார்த்தி: சூப்பர் அக்கா. சிங்கம், சிறுத்தை, யானை, காண்டாமிருகம், காட்டெருமை, ஒரே டிரிப்பில் பிக் ஃபைவ் ஓவர்.

பெரியப்பா: 🌅🙏 இனிய காலை வணக்கம்

கார்த்தி: பெரியப்பா, மணி ராத்திரி ஒன்பது.

பெரியப்பா: நாளைக்குரியது.

முரளி மாமா: இப்போதுதான் வீட்டுக்கு வந்தேன். ரமா, இந்த பிளானைப் போட்டவன் உங்களை வண்டியிலிருந்து இறக்கவே மாட்டான் போலிருக்கிறது.

முரளி மாமா: நைரோபியிலிருந்து அம்போசெலி 4 முதல் 5 மணி நேரம். அது தெற்கே தான்சானியா எல்லையில் இருக்கிறது. நகுரு வடமேற்கே. அதனால் திரும்ப நைரோபி வழியாகத்தான் வர வேண்டும், ஒரு பகல் போச்சு. நகுருவிலிருந்து மாரா 5, 6 மணி. மாராவிலிருந்து நைரோபி மறுபடி 5, 6 மணி. ரோட்டில் மட்டும் 20 மணி நேரத்துக்கு மேல். மிருகம் பார்க்கிற நேரத்தைக் கூட்டிப் பார், அந்த அளவுக்கு வராது.

சுந்தர்: மாமா, மூன்று இடம் என்றால் ஒரு இடத்தில் விட்டதை இன்னொரு இடத்தில் பிடிக்கலாமே என்று பார்த்தேன்.

முரளி மாமா: மாப்பிள்ளை, சிங்கமும் சிறுத்தையும் பொழுது விடியும்போதும் சாயும்போதும்தான் நடமாடும். இந்த பிளானில் அந்த நேரத்தில் எல்லாம் நீங்கள் பெட்டி கட்டிக்கொண்டிருப்பீர்கள், இல்லாவிட்டால் நைரோபி டிராஃபிக்கில் இருப்பீர்கள்.

கார்த்தி: அப்போ பிக் ஃபைவ்?

முரளி மாமா: அது அந்தக் காலத்து வேட்டைக்காரர்கள் போட்ட லிஸ்ட் தம்பி. நடந்து போய்ச் சுடுவதற்கு எது ஆபத்தோ அதெல்லாம் அதில் சேர்ந்தது. ஒட்டகச்சிவிங்கி அதில் இல்லை, சீட்டா இல்லை, நீர்யானை இல்லை. காட்டெருமை இருக்கிறது. நிலாவிடம் கேள், எது வேண்டும் என்று.

ரமா: கேட்டாச்சு. வைல்டபீஸ்ட் மான் கூட்டம் ஆற்றைத் தாண்டுவது, முதலை காலைப் பிடிப்பது. டிவியில் பார்த்ததிலிருந்து அதே பேச்சு.

அம்மா: 🎤 குரல் செய்தி 1:12

கார்த்தி: அம்மா, டைப் பண்ணுங்கள். நான் பஸ்ஸில் இருக்கிறேன்.

அம்மா: எனக்கு யானை. பனி மலை முன்னால் யானை நிற்குமே காலண்டரில், அது. முதுகு வலிக்காமல் பார்க்கணும்.

கார்த்தி: யானை பார்க்க ஆப்பிரிக்காவா? முதுமலைக்குப் போனால் ஆச்சு.

ரமா: முதுமலையில் போன முறை என்ன பார்த்தோம்? புதருக்குள் ஒரு வால்.

*சனி*

முரளி மாமா: சரி, காசுக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் வருவது அக்டோபர் முதல் வாரம், மாராவில் சீசன். ஜூலையிலிருந்து டிசம்பர் வரை வெளிநாட்டுப் பெரியவர்களுக்கு நுழைவுக் கட்டணம் தலைக்கு ஒரு நாளைக்கு 200 டாலர். ஜூன் வரை 100தான், 2024இல் இப்படி மாற்றினார்கள். டிக்கெட் காலை 6 மணியிலிருந்து சாயங்காலம் 6 மணி வரைதான் செல்லும். வியாழக்கிழமை மூன்று மணிக்கு உள்ளே போனாலும் முழு 200.

சுந்தர்: 😳 மூன்று பெரியவர்கள், இரண்டு நாள் என்றால் 1,200 டாலர். நிலா தனி. ரூம் தனி, வண்டி தனி.

முரளி மாமா: ஆமாம். உள்ளே தங்கினால் கிளம்புகிற நாள் காலை 10 மணிக்குள் வெளியே வந்துவிட வேண்டும். தாண்டினால் இன்னொரு டிக்கெட். அம்போசெலியில் இதில் பாதிகூட ஆகாது.

கார்த்தி: காசைப் பார்த்தால் ஆகுமா அத்தான்? வாழ்க்கையில் ஒரு தடவை. வைல்டபீஸ்ட் இடம்பெயர்கிற மைக்ரேஷன் சீசனில் மாராவை விட்டுவிட்டு வந்தால் ஊரே கேட்கும்.

சுந்தர்: அதுதான் எனக்கும். ஆபீஸில் முதல் கேள்வியே மாரா போனீர்களா என்பதுதான்.

முரளி மாமா: மாரா நல்ல இடம், அதில் சந்தேகமே இல்லை. புலி இல்லை என்பதைத் தவிர பூனைக் குடும்பத்துக்கு அதைவிட நல்ல இடம் கென்யாவில் கிடையாது. சிங்கம், சீட்டா, அதிர்ஷ்டம் இருந்தால் அத்திமரத்துக் கிளையில் சிறுத்தை. ஆனால் ஆற்றைத் தாண்டுவதற்கு டைம்டேபிள் கிடையாது. ஆயிரக்கணக்கில் கரைக்கு வரும், நிற்கும், ஒன்று தண்ணீரில் கால் வைக்கும், உடனே என்ன தோன்றுமோ, மொத்தக் கூட்டமும் திரும்பி ஓடிவிடும். வண்டிகள் அந்தப் பக்கம் மூன்று, நான்கு மணி நேரம் வரிசையாகக் காத்துக்கிடக்கும். நான் கூட்டிப்போனவர்களில் பார்த்தவர்களும் உண்டு, பிஸ்கட் பாக்கெட்டைக் காலி பண்ணிவிட்டுத் திரும்பியவர்களும் உண்டு.

ரமா: அம்மாவை நாலு மணி நேரம் வெயிலில் ஜீப்பிலேயே உட்கார வைக்க முடியாது மாமா. பாத்ரூமுக்கு என்ன செய்வது?

முரளி மாமா: அதேதான். ஆற்றங்கரையில் இஷ்டத்துக்கு இறங்க முடியாது. அக்காவுக்கு அதுதான் முதல் பிரச்சினை, முதுகு இரண்டாவது. நரோக் ஊரைத் தாண்டி மாரா கேட் வரைக்கும் இப்போது தார் ரோடு வந்துவிட்டது, அது பரவாயில்லை. உள்ளே போனால் பள்ளம் மேடுதான்.

கார்த்தி: விமானத்தில் போகலாமே?

முரளி மாமா: போகலாம். நைரோபி வில்சன் ஏர்போர்ட்டிலிருந்து முக்கால் மணி நேரம். பெட்டி ஆளுக்கு 15 கிலோ, அதுவும் சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டி ஆகாது, துணிப் பைதான். நாலு பேருக்கு டிக்கெட் விலையை நீயே பார்த்து அத்தானுக்கு அனுப்பு.

கார்த்தி: பார்த்தேன். நான் எதுவும் சொல்லவில்லை.

ரமா: நகுரு எப்படி? பூநாரை இருக்கும் என்று போட்டிருக்கிறது.

முரளி மாமா: அந்த போட்டோ எல்லாம் பழசு. பத்துப் பன்னிரண்டு வருஷமாக ஏரியில் தண்ணீர் ஏறி, உப்பு குறைந்து, பூநாரைக்கு வேண்டிய பாசி குறைந்துவிட்டது. பெரிய கூட்டங்கள் பொகோரியா ஏரிப் பக்கம் போய்விட்டன. நகுருவில் இன்றைக்கும் காண்டாமிருகம் நன்றாகப் பார்க்கலாம், கறுப்பும் வெள்ளையும். ஆனால் அங்கே யானை கிடையாது. அக்காவுக்கு அதை எப்படிச் சொல்வது?

அம்மா: வேண்டாம். பூநாரையைப் பழவேற்காட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

*ஞாயிறு*

சுந்தர்: சரி மாமா, உங்கள் வீட்டு ஆட்களாக இருந்தால் எங்கே கூட்டிப்போவீர்கள்?

முரளி மாமா: என் வீட்டு ஆட்கள்தானே மாப்பிள்ளை! அம்போசெலி, இரண்டு ராத்திரி. வேறு எதையும் அதோடு கோக்க வேண்டாம்.

முரளி மாமா: ஏன் என்று சொல்கிறேன். அது 392 சதுர கிலோமீட்டர்தான், மாராவில் கால்வாசி. தரை சப்பட்டை, மரம் குறைவு, தூரத்தில் வருவதே தெரியும். கிளிமஞ்சாரோவிலிருந்து தண்ணீர் பூமிக்கடியில் வந்து அங்கே சதுப்பாக ஊறுகிறது. சுற்றிலும் காய்ந்து கிடக்கிற அக்டோபரில் யானைகள் எல்லாம் அங்கேதான் வந்து நிற்கும். வயிறு வரை தண்ணீரில் இறங்கிக் கோரையைப் பிடுங்கித் தின்னும். வெளியே ஏறும்போது பார்க்க வேண்டும், நனைந்த கீழ்ப்பாதி கன்னங்கரேல், மேல்பாதி சாம்பல் புழுதி, யாரோ கோடு போட்டு இரண்டு பெயின்ட் அடித்த மாதிரி. முதுகில் வெள்ளைக் கொக்கு. அக்காவுக்கு அது போதும்.

அம்மா: மலை தெரியுமா முரளி?

முரளி மாமா: விடியற்காலையில் தெரிய வாய்ப்பு அதிகம் அக்கா, அப்புறம் சாயங்காலம். நடுவில் மேகம் மூடிக்கொள்ளும். இரண்டு விடியல் கிடைக்கிறது என்பதால்தான் இரண்டு ராத்திரி என்கிறேன். மலை இருப்பது தான்சானியாவில், 5,895 மீட்டர். போட்டோ மட்டும் கென்யாவுக்கு.

ரமா: நிலா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள். ஃபோனை அவளிடம் கொடுக்கிறேன்.

ரமா: தாத்தா நான் நிலா. அங்கே முதலை இல்லையா

முரளி மாமா: முதலில் என்னைத் தாத்தா என்று கூப்பிடுவதை நிறுத்து. உனக்கு ஒரு விஷயம் சொல்கிறேன். அம்போசெலி யானைகளுக்குப் பெயர் உண்டு. சிந்தியா மாஸ் என்கிற அம்மா 1972இலிருந்து அங்கே யானைகளைப் படிக்கிறார். காதில் இருக்கிற கிழிசல், ஓட்டை, நரம்பு இதை வைத்துத்தான் அடையாளம். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு எழுத்து. எக்கோ என்று ஒரு பெரிய தலைவி யானை இருந்தது, 2009இல் செத்துப்போனது. அதன் குடும்பம் இன்னும் அங்கேதான் சுற்றுகிறது. நீ பைனாகுலர் கொண்டு வா, காதைப் பார்த்து வரைந்து வை.

ரமா: வரைவேன். ஆனால் சிங்கம்?

முரளி மாமா: இருக்கிறது, மாரா அளவுக்கு இல்லை. கழுதைப்புலி நிச்சயம். காண்டாமிருகம் அங்கே கிடையாது. அதற்குத்தான் ஞாயிறு காலை. சனி மதியம் நைரோபி வந்து எங்கள் வீட்டில் தூங்குங்கள். ஞாயிறு ஆறு மணிக்கு நைரோபி தேசியப் பூங்கா கேட்டில் இருக்க வேண்டும். 1946இல் ஆரம்பித்தது, கென்யாவின் முதல் தேசியப் பூங்கா. 117 சதுர கிலோமீட்டர், ஊரை ஒட்டியே இருக்கிறது. காண்டாமிருகம் மேயும், பின்னால் ஆபீஸ் கட்டடங்கள் தெரியும். சிங்கமும் உண்டு. யானை மட்டும் அங்கே இல்லை. அதை நீங்கள் முதலிலேயே பார்த்திருப்பீர்கள்.

சுந்தர்: இது பொருந்துகிறது.

முரளி மாமா: இன்னொன்று. அந்தப் பூங்காவை ஒட்டியே ஷெல்ட்ரிக் அறக்கட்டளைக்காரர்கள் தாயில்லாத யானைக்குட்டிகளை வளர்க்கிறார்கள். காலை 11 மணியிலிருந்து ஒரு மணி நேரம்தான் பொதுமக்களுக்கு. குட்டிகள் வரிசையாக ஓடி வந்து புட்டிப்பால் குடிக்கும், குடித்துவிட்டுச் செம்மண்ணில் புரளும். முன்பதிவு இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள். ரமா, இன்றைக்கே பதிவு செய்.

ரமா: நிலா சரி என்கிறாள். புட்டிப்பாலில் விழுந்துவிட்டாள்.

கார்த்தி: அப்போ மாரா கேன்சலா? நான் மட்டும்தான் வருத்தப்படுகிறேனா?

சுந்தர்: எனக்கும்தான். ஆனால் 1,200 டாலர் கொடுத்து அத்தை வண்டிக்குள் முதுகைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்க்க முடியாது. நீயும் நானும் தனியாக ஒருமுறை போகலாம்.

கார்த்தி: ஸ்க்ரீன்ஷாட் எடுத்துவிட்டேன் அத்தான்.

முரளி மாமா: அம்போசெலியில் ஒரு தொல்லை உண்டு, மறைக்கவில்லை. புழுதி. பழைய எரிமலைச் சாம்பல், மாவு மாதிரி, காமிரா, காது எல்லாவற்றிலும் போகும். ஆளுக்கு இரண்டு மாஸ்க் எடுத்து வாருங்கள். நிலாவுக்குத் தும்மல் உண்டல்லவா? எதிர்வண்டி வரும்போது ஜன்னலை மூடச் சொல்லுங்கள்.

முரளி மாமா: வண்டி லேண்ட் குரூசர் கேளுங்கள், கூரை தூக்குகிற மாதிரி. வேன் மலிவு, ஆனால் அக்கா முதுகுக்கு ஆகாது. எதுவாக இருந்தாலும் அக்காவைக் கடைசி சீட்டில் உட்கார வைக்காதீர்கள். பின் சக்கரத்துக்கு மேலே, ஒவ்வொரு குழிக்கும் ஆளைத் தூக்கிப் போடும். தங்குவது பூங்காவுக்கு உள்ளேயே பாருங்கள். மத்தியானம் அக்கா வராந்தாவில் உட்கார்ந்திருந்தாலே யானை தெரிகிற இடங்கள் இருக்கின்றன.

பெரியப்பா: மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டாச்சா? என் நண்பர் பையனை ஏர்போர்ட்டில் நிறுத்திவிட்டார்கள்.

ரமா: பெரியப்பா 👏👏 இதை யாருமே பேசவில்லை.

முரளி மாமா: அண்ணன் சரியான நேரத்தில் சொன்னார். கென்யாவிலிருந்து இந்தியா திரும்பும்போது அந்த சர்டிபிகேட் கேட்பார்கள். இல்லாவிட்டால் ஆறு நாள் வரைக்கும் தனியாக வைத்துவிடுவார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் ஆன பிறகுதான் அது செல்லும். கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். ஆனால் 60 வயதுக்கு மேல் யோசித்துத்தான் போடுவார்கள், அக்காவை முதலில் உங்கள் டாக்டரிடம் காட்டுங்கள். டிக்கெட்டே அதற்கு அப்புறம்தான்.

அம்மா: செவ்வாய்க்கிழமை டாக்டர் வருவார். போய்க் கேட்கிறேன். நேற்றே சொல்லியிருக்க வேண்டாமா.

அம்மா: முரளி, அங்கே தயிர் கிடைக்குமா?

முரளி மாமா: கிடைக்கும் அக்கா. நீங்கள் மாவடு மட்டும் கொண்டு வாருங்கள்.

ரமா: ஏஜென்டுக்கு எழுதிவிட்டேன். அம்போசெலி இரண்டு ராத்திரி, லேண்ட் குரூசர், ஞாயிறு நைரோபி. டாக்டர் சொன்ன பிறகு அட்வான்ஸ் கட்டுகிறோம். ஷெல்ட்ரிக்குக்கு 11 மணி, நாலு பேர், பெயர் கொடுத்தாச்சு.

முரளி மாமா: ஐந்தாகப் போடு. நானும் வருகிறேன்.