மலெஃபிகியம்: தீவினையா, செய்வினையா?

வணக்கம். 16, 17ஆம் நூற்றாண்டு ஐரோப்பியச் சூனிய வழக்குகளில் ஓயாமல் வரும் லத்தீன் சொல் மலெஃபிகியம். மாட்டுக்குப் பால் வற்றச் செய்தது, விளைந்த பயிரில் ஆலங்கட்டி விழச் செய்தது, பிள்ளையை நோயில் தள்ளியது என்று மந்திரத்தால் செய்த தீங்கு எல்லாம் இதில் அடக்கம். இதைத் தமிழில் ‘தீவினை’ என்று எழுதலாமா?

---

> ‘தீவினை’ என்று எழுதலாமா?

வேண்டாம் ஐயா. தீவினை என்றதும் வாசகர் போன பிறவிப் பாவத்துக்குப் போய்விடுவார். ‘செய்வினை’ கையிலேயே இருக்கிறது. லத்தீன் சொல்லின் பின்பாதியும் ‘செய்தல்’தான். இலக்கணச் செய்வினையோடு குழம்பும் என்று யாராவது சொல்வார்கள். செய்வினை வைத்தாள் என்று படித்துவிட்டுச் செயப்பாட்டுவினையைத் தேடுகிறவர் யார்?

---

> ‘செய்வினை’ கையிலேயே இருக்கிறது

ஒரு தடை உண்டு. நம் வழக்கில் செய்வினை என்பது மந்திரவாதிக்குக் காசு கொடுத்து வைப்பது. தகடோ பொம்மையோ வாசலில் புதைந்திருக்கும். ஐரோப்பாவில் மாட்டிக்கொண்டவள் பெரும்பாலும் பக்கத்து வீட்டுக்காரி. அவள் வாய்விட்டுச் சபித்ததே போதும்.

---

> தகடோ பொம்மையோ வாசலில் புதைந்திருக்கும்

காசு விஷயம் சரி. புதைப்பது அங்கும் உண்டு. ஜெர்மன் நாடுகளை ஆண்ட பேரரசர் ஐந்தாம் சார்லஸின் 1532ஆம் ஆண்டுக் குற்றவியல் சட்டமான கரோலினாவில் 52ஆம் பிரிவைப் பாருங்கள். ஒப்புக்கொண்டவளிடம் எதைக் கொண்டு, எப்படி, எப்போது, என்ன சொல்லி அல்லது என்ன செய்து என்று கேட்க வேண்டும். எதையாவது புதைத்ததாகச் சொன்னால் போய்த் தேட வேண்டும். சாபமும் 44ஆம் பிரிவில் வந்துவிடுகிறது: ஒருவரை மிரட்டி, மிரட்டியபடியே அவருக்கு நடந்திருந்தால், ஊரிலும் அந்தப் பேர் இருந்தால், சித்திரவதை விசாரணைக்கு அது போதிய அடையாளம். ஆகவே ‘செய்வினை’ நிற்கும். சட்டம் பேசும் இடத்தில் ‘செய்வினைக் குற்றம்’ என்போம்.

ஆனால் சூனியம், செய்வினை இரண்டையும் மாற்றி மாற்றிப் போடக் கூடாது. கரோலினாவின் 109ஆம் பிரிவில் தீங்கு விளைந்தால்தான் எரித்துக் கொல்வது. விளையாவிட்டால் நிலைமைக்கேற்ற தண்டனை. 1572இல் ஜெர்மன் நாடுகளில் ஒன்றான சாக்சனி இதைத் தாண்டிப் போனது: சாத்தானோடு உடன்பட்டிருந்தாலே, யாருக்கும் ஒன்றும் ஆகாவிட்டாலும், எரிப்பு. இந்த இரண்டாம் குற்றத்துக்குத் தனிச்சொல் வேண்டும். ‘பேய் ஒப்பந்தம்’ ஒத்துவராது. நம் பேய் செத்தவரின் ஆவி. ‘சாத்தான் உடன்படிக்கை’ என்பதே பொருத்தம். ஞானஸ்நானத்தைத் துறந்து செய்யும் தலைகீழ் உடன்படிக்கை அது, தமிழ் பைபிள் வாசகருக்கு உடனே உறைக்கும்.

பிரித்தால்தான் சாவு எண்ணிக்கையும் புரியும். செய்வினை வழக்கு ஒருத்தியோடு முடியலாம். உடன்படிக்கை என்றால் இரவுக்கூட்டம், அதாவது சாத்தானை வணங்க இரவில் கூடுவதாக நம்பப்பட்ட கூட்டம். இரவுக்கூட்டம் என்றால் ‘அங்கே யாரைக் கண்டாய்?’ என்ற கேள்வி. வலி தாங்காமல் சொன்ன ஒவ்வொரு பேரும் அடுத்த கைதி. ஜெர்மனியின் பாம்பெர்க் நகரத் தலைவர்களில் ஒருவரான யோஹான்னஸ் யூனியுஸ் 1628இல் சிறையிலிருந்து மகளுக்குக் கள்ளத்தனமாக அனுப்பிய கடிதத்தில் இது அப்படியே இருக்கிறது: தெருத் தெருவாக நினைத்துப் பார்த்து ஆள் பேர் சொல்லச் சொன்னார்கள். இங்கிலாந்தின் 1563ஆம் ஆண்டுச் சட்டமோ தீங்கைத்தான் அளந்தது. கொலைக்கு மரணம், உடற்கேட்டுக்கும் பொருளிழப்புக்கும் முதல் முறை ஓராண்டுச் சிறை. சாதாரண வழக்கில் அங்கே சித்திரவதையும் இல்லை. இறந்தோர் தொகை ஜெர்மன் நாடுகளை விட மிகக் குறைவு.

---

ஒப்புகிறேன். இரண்டு சேர்க்கை மட்டும். பொதுச்சொல்லாகச் ‘சூனியக்காரி’ வேண்டாம். கொல்லப்பட்டவர்களில் முக்கால்வாசிப் பேர் பெண்கள்தாம். ஆனால் ஐஸ்லாந்தில் எரிக்கப்பட்டவர்கள் ஏறத்தாழ எல்லாரும் ஆண்கள், பிரான்சின் நார்மண்டியிலும் ஆண்களே அதிகம். ‘சூனியக் குற்றஞ்சாட்டப்பட்டோர்’ நீளம்தான், பரவாயில்லை.

அடுத்தது, மேலே ‘இரவுக்கூட்டம்’ என்று வந்ததே, அதையே வைத்துக்கொள்ளலாம். மூலச்சொல் சபாத். யூதரின் புனித நாள் பேரை வசையாக்கி ஒட்டிய சொல் அது. அதைப் பார்த்து ‘ஓய்வுநாள்’ என்று எழுதினால் அந்த வசையை நாமும் தமிழில் சுமப்போம்.