‘கேஷ் ஆன் டிமாண்ட்’ (1961): சினிமாவா, படம் பிடித்த நாடகமா? (முடிவு வரை பேசுகிறோம், பார்க்காதவர்கள் கவனம்)

பழையரீல்:
ஹாமர் என்ற பிரிட்டிஷ் படக் கம்பெனி என்றால் டிராகுலாவும் ரத்தமும்தான் என்று நினைப்பவர்கள் இந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தைப் பார்க்கணும். கிறிஸ்துமஸ் நேரம், சின்ன ஊர் வங்கி. இன்ஷூரன்ஸ் அதிகாரி என்று சொல்லிக்கொண்டு ஆந்த்ரே மோரெல் நுழைகிறார், உன் மனைவியும் மகனும் என் ஆட்களிடம் இருக்கிறார்கள் என்று மிரட்டி, மேனேஜர் பீட்டர் குஷிங் கையாலேயே ஸ்ட்ராங் ரூமைத் திறக்க வைக்கிறார். துப்பாக்கிச் சண்டை, கார் துரத்தல் எதுவும் கிடையாது. படத்தின் செலவு சுமார் 37,000 பவுண்டு, கதையில் திருடுவதோ 90,000க்கு மேல்!

நடுவரிசை:
இல்லாததை எல்லாம் பெருமையாகச் சொன்னால் எப்படி? டிவி நாடகமாக வந்த கதை, வாசல் தெருவைத் தாண்டி கேமரா போகவே இல்லை. கையில் காசில்லை, அதனால் ஒரே செட், அவ்வளவுதான். பிரிட்டனிலேயே 1963இல்தான், அதுவும் வெட்டிச் சுருக்கி, வேறொரு முக்கியப் படத்தோடு சேர்த்துத் துணைப்படமாக ஓட்டினார்கள்.

பழையரீல்:
அது விநியோகஸ்தர் கணக்கு, படத்தின் தரத்துக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்? வெளியே போகாததால்தான் மூச்சு முட்டுகிறது. மனைவி எப்படி இருக்கிறாள் என்று ஒரே ஒரு ஷாட் காட்டியிருந்தால்கூட எல்லாம் போச்சு. போனில் வரும் அந்தக் குரலைத் தவிர குஷிங்குக்கும் ஒன்றும் தெரியாது, நமக்கும் தெரியாது.

கதிர்_எடிட்:
எனக்கு உறுத்துவது வேறு. சின்னத் தவறுக்காகத் தன் வங்கிக் கிளார்க் பியர்சனின் வேலையையே பறிக்கப் பார்த்த மேனேஜர், கொஞ்ச நேரத்தில் அதே பியர்சனிடம் மனைவி உயிருக்காகக் கெஞ்சி, அப்படியே நல்லவராகிவிடுகிறார். கிறிஸ்துமஸ் இரவில் பேய்கள் வந்து கல்நெஞ்சக் கஞ்சனைத் திருத்தும் டிக்கன்ஸின் ஸ்க்ரூஜ் கதைதான், பேய்க்குப் பதில் திருடன்.

நடுவரிசை:
அதே! கொள்ளையடிக்க வந்தவனே மேனேஜருக்கு மனிதாபிமான வகுப்பு எடுக்கிறான்.

பழையரீல்:
திருந்திவிட்டார் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள், அந்த நிமிடத்தில் அவருக்கு வேறு வழியே இல்லையே. பியர்சன் நினைத்திருந்தால் பழி தீர்த்திருக்கலாம். பியர்சனாக நடித்த ரிச்சர்ட் வெர்னன் அந்த இடத்தில் என்ன செய்யப் போகிறாரோ என்றுதான் எனக்குப் பதறியது, கொள்ளையை விட.

நடுவரிசை:
சரி, வெர்னன் பிரமாதம், ஒத்துக்கொள்கிறேன். அந்தக் காட்சியையும் மேடையில் அப்படியே போடலாமே, கேமரா எதுக்கு?

பழையரீல்:
குஷிங் வியர்த்து ஊற்றுவதைக் கடைசி வரிசையிலிருந்து பார்த்துவிடுவீர்களா?