ஆத்தாவுக்குச் சர்க்கரை, எந்தப் பழம் எவ்வளவு கொடுக்கலாம்?

வணக்கம். காரைக்குடி பக்கம் கானாடுகாத்தானில் இருக்கிறோம். ஆத்தாவுக்கு வயது 67. 2016 முதல் டைப் 2 சர்க்கரை. மெட்ஃபார்மின் 500 மாத்திரை காலை, இரவு, இன்சுலின் இல்லை. போன மாதம் ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை) 7.9. வெறும் வயிற்றில் 125-க்குப் பக்கம்தான் நிற்கிறது. பழம் சாப்பிட்டால் இரண்டு மணி நேரத்தில் 240 தாண்டுகிறது, நாக்கு வறண்டு ராத்திரி எழுந்து எழுந்து போகிறார்கள்.

வாழைப்பழம், மாம்பழம், பலா, ஜூஸ் எல்லாம் நிறுத்தியாச்சு. மதியச் சாப்பாட்டோடு கொடுக்காமல் பதினோரு மணிக்குத் தனியாகக் கொடுத்தோம். நன்றாகப் பழுத்த கொய்யாவுக்கு 210 வந்தது. அரைக்காய் கொய்யா கொஞ்சம் பரவாயில்லை, ஆனால் கட்டுப்பல்லால் கடிக்க முடியவில்லை. பப்பாளி ஒரு நாள் 170, மறுநாள் 230. அளவு வேறாக இருந்திருக்கும், வீட்டில் தராசு இல்லை.

பழமே வேண்டாம் என்று நிறுத்தினால் மலச்சிக்கல் வந்து ரொம்பத் துடிக்கிறார்கள். அதுதான் மனசு கேட்கவில்லை. டாக்டர் "அளவா சாப்பிடலாம்" என்றார், அளவு சொல்லவில்லை. மாத்திரையைப் பற்றி அவரிடமே பேசிக்கொள்கிறோம்.

நாவல், கொடுக்காப்புளி சீசனுக்குத்தான் சந்தையில் கிடைக்கும். வருஷம் முழுக்கக் கிடைக்கிற, மெல்லச் சிரமமில்லாத பழத்தில், சாப்பிட்ட பின் 180-க்குள் நிற்கிற மாதிரி உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு எதை, எத்தனை கிராம், எந்த நேரத்தில் கொடுக்கிறீர்கள்?