பின்பக்கம் 'டொக்' சத்தம்: ஷாக்கா, புஷ்ஷா?

அச்சாணி:
14 வருஷ ஹேட்ச்பேக், 1,32,000 கி.மீ. ஓடியிருக்கிறது. பின்னால் டார்ஷன் பீம் (இரண்டு பின்சக்கரங்களையும் இணைக்கும் ஒரே இரும்புச் சட்டம்). காயில் ஸ்பிரிங் தனி, ஷாக் (ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் எண்ணெய்க் குழாய்) தனி. ஒட்டுப்போட்ட ரோட்டில் 20–30 கி.மீ. வேகத்தில் போனால் இடது பின்பக்கம் 'டொக் டொக்' என்று தட்டுகிறது. பெரிய வேகத்தடையில் மெதுவாக ஏறி இறங்கினால் சத்தமே இல்லை. 80-க்கு மேல் தடம் மாறினால் முன்பக்கம் திரும்பிவிட்டு, வால் கொஞ்சம் தாமதமாக வருவதுபோல் இருக்கிறது. இடது ஷாக்கின் மேல்பாதியில் எண்ணெய்ப் பிசுக்கு. டிக்கியை அமுக்கிவிட்டால் ஒரே ஆட்டத்தில் நின்றுவிடுகிறது. ஒர்க்‌ஷாப்பில் இரண்டு ஷாக்கையும் மாற்றச் சொல்கிறார்கள். மாற்றுவதற்கு முன் எது தேய்ந்தது என்று வீட்டிலேயே உறுதி செய்ய முடியுமா? ஜாக்கி, இரண்டு ஸ்டாண்டு, நீளமான லிவர் கம்பி ஒன்று இருக்கிறது.

ஸ்பேனர்செட்:
நீங்கள் சொன்னதிலேயே பாதி விடை இருக்கிறது. எண்ணெய் போன ஷாக் பொதுவாகத் தட்டாது, துள்ளும். தட்டுகிறது என்றால் எங்கேயோ இடைவெளி விழுந்திருக்கிறது. சின்ன மேடுபள்ளத்தில் சக்கரம் மேலும் கீழும் சட்சட்டென்று திசை மாற்றும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் அந்த இடைவெளி ஒரு தட்டு தட்டும். வேகத்தடையில் எல்லாம் ஒரே திசையில் மெதுவாக அழுந்துவதால் சத்தம் வராது. ஆகவே ஷாக்கின் மேல் மவுண்ட் (அதைப் பாடியோடு பிடிக்கும் ரப்பர் தாங்கி), கீழ் புஷ் (போல்ட்டைச் சுற்றியிருக்கும் ரப்பர் உருளை), பீமைப் பாடியோடு இணைக்கும் பீம் புஷ் மூன்றின்மேலும்தான் முதல் சந்தேகம்.

டிக்கியை அமுக்கும் சோதனையை நம்ப வேண்டாம். கையால் அமுக்கும்போது பாடி வினாடிக்கு ஒன்று ஒன்றரை முறைதான் ஆடுகிறது. ரோட்டில் சக்கரம் துடிப்பதோ வினாடிக்கு 10 முதல் 15 முறை. அடியோடு செத்த ஷாக்கை மட்டுமே அந்தச் சோதனை காட்டிக்கொடுக்கும். பாதி தேய்ந்தது பாஸாகிவிடும், புஷ்களின் உராய்வும் அதற்குத் துணைபோகும்.

பிசுக்கு பற்றி: ராட் (ஷாக்குக்குள் போய்வரும் குரோம் கம்பி) வெளியே வரும் இடத்துக்குக் கீழே லேசான ஈரப்படலம் இருந்தால் அது வியர்வை மாதிரி, பரவாயில்லை. எண்ணெய் வழிந்து கீழ்ப்பாதிவரை வந்து மண் அப்பியிருந்தால் சீல் (எண்ணெயை உள்ளே அடைத்து வைக்கும் ரப்பர் வளையம்) போய்விட்டது. துணியால் சுத்தமாகத் துடைத்துவிட்டு ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள்.

வண்டிக்கு அடியில் போகும் முன் டிக்கியைக் காலி செய்யுங்கள். ஸ்டெப்னி, ஜாக்கி, டூல்ஸ், பார்சல் ட்ரே எல்லாவற்றையும் எடுத்துவிட்டு அதே ரோட்டில் ஒரு தடவை ஓட்டுங்கள். சைலன்ஸரைக் கையால் ஆட்டிப் பாருங்கள் (ஆறியபிறகு!). தொங்கும் ரப்பர் அறுந்தாலும் இதே 'டொக்'தான் வரும்.

கிரீஸ்கை:
மேலே சொன்னதோடு, பார்க்கும் முறை.

முதலில் உயரம். சமதளத்தில் நிறுத்தி, டயர் காற்றைச் சமமாக்கி, சக்கரத்தின் மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்புவரை இரண்டு பக்கமும் அளந்து எழுதி வையுங்கள். 10 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் தாழ்ந்த பக்க ஸ்பிரிங்கின் அடிச்சுற்றைத் தடவிப் பாருங்கள். ஸ்பிரிங் உட்காரும் தட்டில் உரசிப் பெயிண்ட் போய், துருப்பிடித்து, பெரும்பாலும் அங்கேதான் உடையும். உடைந்த துண்டு அந்தத் தட்டுக்குள்ளேயே கிடக்கும், கண்ணுக்குச் சுலபமாகத் தெரியாது. இந்த அளவைத் தொலைத்துவிடாதீர்கள், பிறகு தேவைப்படும்.

அடுத்து பீம் புஷ். முன்சக்கரங்களுக்கு கட்டை வைத்து, பாடியை ஸ்டாண்டில் நிறுத்துங்கள். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் தலையை விடவே கூடாது. பீமின் முன்முனைக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவே லிவரை வைத்து முன்பின்னாக நெம்புங்கள். நல்ல ரப்பர் ஓரிரண்டு மி.மீ. இடம் கொடுத்து உடனே திரும்பி வரும். 'டக்' என்று இரும்போடு இரும்பு மோதினாலோ, ரப்பர் வெளிக்குழாயை விட்டுப் பிரிந்து வாய் திறந்தாலோ புஷ் முடிந்தது. ஒரு எச்சரிக்கை: பல பீம் புஷ்களில் பிறைவடிவ இடைவெளி தயாரிப்பிலேயே உண்டு. விளிம்பு வழவழவென்று இருந்தால் அது வடிவம், பிசிறாக இருந்தால் கிழிசல்.

சக்கரம் தூக்கிய நிலையில் மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரை பிரேக் பெடலை மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றால் பேரிங், நிற்காவிட்டால் சஸ்பென்ஷன்.

ஷாக்கைக் கழற்றப்போகிறீர்கள் என்றால் முதலில் பீமுக்கு அடியில் ஜாக்கி கொடுங்கள். இந்த மாதிரி வண்டிகளில் பெரும்பாலும் ஷாக்தான் பீம் கீழே விழாமல் பிடித்திருக்கும். ஜாக்கி இல்லாமல் கீழ்ப் போல்ட்டை உருவினால் பீம் இறங்கி பிரேக் ஹோஸை இழுத்துவிடும், ஸ்பிரிங்கும் நழுவும். கழற்றிய ஷாக்கை நேராக நிறுத்தி, ஐந்தாறு முறை முழுதாக அமுக்கி இழுங்கள். அதன்பிறகும் நடுவில் ஒரு இடத்தில் எதிர்ப்பே இல்லாமல் ஓடினால் வால்வோ எண்ணெயோ போய்விட்டது. கேஸ் ஷாக்காக (எண்ணெயோடு அழுத்தப்பட்ட வாயுவும் இருப்பது) இருந்து, அமுக்கி விட்டபின் தானாக மேலே வரவில்லை என்றால் கேஸ் இல்லை.

அச்சாணி:
நன்றி சார். டிக்கியைக் காலி செய்தும் சத்தம் இருக்கிறது. உயரம் வலது 368, இடது 365 மி.மீ. ஸ்பிரிங் இரண்டும் முழுசாக உள்ளது. இடது பீம் புஷ்ஷை நெம்பினால் ரப்பர் பிசிறோடு வாய் திறக்கிறது, வலதில் மேலோட்டமான வெடிப்பு மட்டும். இடது ஷாக்கைக் கழற்றிப் பார்த்தேன், ஓட்டம் சீராக இருக்கிறது. மேல் மவுண்ட் ரப்பர் நசுங்கி, நடுத்துளை முட்டை வடிவமாகிவிட்டது. துடைத்த இடத்தில் புதிதாக எண்ணெய் இல்லை. புஷ்ஷுக்குப் பதில் பாலியூரித்தேன் போடலாமா?

ஸ்பேனர்செட்:
அப்படியானால் 'டொக்' மேல் மவுண்டிலிருந்து, வால் ஆட்டம் பீம் புஷ்ஷிலிருந்து. முழு பீமையும் பாடியோடு பிடித்திருப்பது முன்னால் இருக்கும் அந்த இரண்டு புஷ்தான். பக்கவாட்டு விசை விழும்போது புஷ் இடம் கொடுத்தால் பீம் மொத்தமாகக் கொஞ்சம் திரும்பும். அதாவது பின்சக்கரமே தன்பாட்டுக்கு ஸ்டியரிங் போடும். ஷாக்கை மட்டும் மாற்றினால் சத்தம் போகும், அதுகூட புது மவுண்ட் சேர்த்துப் போட்டால்தான். ஆட்டம் அப்படியே இருக்கும்.

பாலியூரித்தேன் வேண்டாம். இந்த புஷ் ஒரே அச்சில் சுழல்வது மட்டுமல்ல, பல திசைகளில் வளைந்தும் கொடுக்க வேண்டும். கெட்டியான பொருளைப் போட்டால் சத்தம் உள்ளே வரும், பிராக்கெட்டும் அடி வாங்கும்.

கிரீஸ்கை:
இரண்டு பக்க புஷ்ஷையும் சேர்த்தே மாற்றுங்கள். பழையதைத் தட்டி எடுக்கும் முன் பிறை இடைவெளி எந்தத் திசையில் இருக்கிறது என்று பீமில் கோடு போடுங்கள். திரும்பிய நிலையில் அழுத்திவிட்டால் புது புஷ்ஷும் பழையது போலவே ஆடும். பிராக்கெட்டைப் பாடியிலிருந்து கழற்ற வேண்டி வந்தால் அதன் விளிம்பைச் சுற்றியும் கோடு அவசியம், சில வண்டிகளில் சக்கரக் கோணமே அதைப் பொறுத்தது.

எல்லோரும் கோட்டைவிடும் இடம் இது: சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போது புஷ் போல்ட்டை முறுக்குவது. ரப்பர் அந்த நிலையிலேயே கட்டுப்பட்டுவிடும். வண்டி தரையில் இறங்கியதும் நிரந்தர முறுக்கத்தில் நின்று, சீக்கிரமே கிழிந்துவிடும். போல்ட்டைக் கையால் மட்டும் ஓட்டிவிட்டு, ஜாக்கியால் பீமை 368, 365 வரும்வரை தூக்கி, அப்போது மேனுவலில் சொன்ன டார்க்கில் (முறுக்கும் விசை அளவில்) முறுக்குங்கள். அந்த உயரம் வருவதற்குள் பாடி ஸ்டாண்டை விட்டு எழுந்தால் மேலே தூக்காதீர்கள். வண்டியை ராம்பில் ஏற்றி, நான்கு சக்கரமும் எடை தாங்கும் நிலையில் முறுக்குங்கள். ஷாக்கின் கீழ்ப் போல்ட்டுக்கும் இதே விதி.

ஷாக்கின் மேல் நட்டு கழற்றும்போது ராட் சுற்றினால் பிளையரால் ராடைப் பிடிக்க வேண்டாம். குரோம் கீறினால் சீல் போய்விடும். ராடின் நுனியில் ஸ்பேனருக்கோ ஆலன் கீக்கோ இடம் இருக்கும். பம்ப் ஸ்டாப் ரப்பர் (சஸ்பென்ஷன் முழுதாக அழுந்தும்போது மோதலைத் தாங்குவது) பொடியாக உதிர்ந்திருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள்.

எல்லாம் முடிந்தபின் பின்டயரை உள்ளங்கையால் முன்னும் பின்னும் தடவிப் பாருங்கள். ஒரு திசையில் வழுக்கி, மறு திசையில் ரம்பம் போல் பிடித்தால் புஷ் ஆட்டத்தில் டயர் ஏற்கெனவே தேய்ந்திருக்கிறது. ஒரு அலைன்மென்ட் (சக்கரக் கோணம்) பார்த்துவிடுங்கள். அந்தத் தேய்மானத்தால் 50–60 வேகத்தில் 'ம்ம்ம்' என்ற இரைச்சல் இன்னும் கொஞ்ச நாள் வரும். பேரிங் என்று நினைத்து அதையும் கழற்றிவிடாதீர்கள். டயரை முன்னால் மாற்றிப் போட்டுப் பாருங்கள், சத்தமும் கூடவே முன்னால் போனால் டயர்தான்.