க்யூவுக்குப் பின்னாடி யூ இல்லாத இங்கிலீஷ் வார்த்தை உண்டா? பொண்ணுக்காகக் கேக்குறேன்

நன்னிலம் அம்மா:

எல்லாருக்கும் வணக்கம். என் பொண்ணு எட்டாவது படிக்கிறா, அவ ஸ்கூல்ல இந்த வருஷம் ஸ்க்ராபிள் விளையாட்டு ஆரம்பிச்சிருக்காங்க, சின்னச் சின்ன கட்டையில ஒவ்வொரு இங்கிலீஷ் எழுத்து இருக்கும், ஆளுக்கு 7 கட்டை எடுத்துக்கிட்டு பலகையில வார்த்தை கட்டணும், எழுத்துக்கு ஏத்த மாதிரி மார்க். போன வெள்ளிக்கிழமை பக்கத்து ஊர் ஸ்கூலோட போட்டி நடந்துச்சு. கடைசியில இவ கையில மிஞ்சினது க்யூவும் ஐயும் தான், ரெண்டையும் சேர்த்து வெச்சிட்டா. மேற்பார்வைக்கு இருந்த டீச்சர், க்யூ வந்தா பின்னாடி யூ வந்தே ஆகணும், இப்படி ஒரு வார்த்தையே கிடையாது, எடுன்னுட்டாங்க. இவ “இருக்கு மிஸ், லிஸ்ட்ல படிச்சேன்”னிருக்கா. அப்ப அர்த்தம் சொல்லுன்னு கேட்டிருக்காங்க, சொல்லத் தெரியல. அத்தனை பிள்ளைங்க முன்னாடி தலை குனிஞ்சு கட்டையைத் திருப்பி எடுத்துக்கிட்டு, 3 மார்க்குல தோத்துட்டு வந்தா.

வீட்டுக்கு வந்து பையை வெச்சதும் நேரா கொல்லைப்பக்கம் போய் கிணத்தடியில உக்காந்துட்டா, ராத்திரி வரைக்கும் சாப்பிடல. அவ படிச்ச லிஸ்ட்டு மேல் வகுப்புப் பொண்ணு கொடுத்த ஒரு ஜெராக்ஸ், சின்னச் சின்ன வார்த்தையா வரிசையா இருக்கு, எதுக்கும் அர்த்தம் கிடையாது. நானும் வீட்டுல இருக்குற டிக்‌ஷனரியைப் புரட்டிப் பார்த்துட்டேன், அந்த வார்த்தை இல்ல.

எனக்கு ரெண்டு விஷயம் தெரியணும். அந்த வார்த்தை நிஜமாவே இருக்கா? இருக்குன்னா இந்த மாதிரி வார்த்தையெல்லாம் மறக்காம மனசுல நிக்க எப்படிச் சொல்லிக்கொடுக்குறது? நான் படிச்சது பன்னெண்டாவது, தமிழ் மீடியம். ஆனா எவ்வளவு நேரம் வேணாலும் அவகூட உக்காரத் தயார்.

கும்பகோணம் ஓய்வு வாத்தியார்:

அம்மா, முதல்ல பொண்ணுகிட்ட போய்ச் சொல்லுங்க, அவ வெச்சது சரியான வார்த்தை. ‘ச்சீ’ன்னு சொல்லணும். சீன மொழியில மூச்சு, உயிரை ஓட்டுற சக்தின்னு அர்த்தம், நாம பிராணன்னு சொல்றோமே அதுக்குக் கிட்டத்துல வரும். சீனாக்காரங்க 1958ல தங்க மொழியை இங்கிலீஷ் எழுத்துல எழுத ஒரு முறை கொண்டுவந்தாங்க, அதுல ஒரு வகை ‘ச்ச’ சத்தத்துக்கு க்யூவை ஒதுக்கினாங்க, அதனால தான் யூ இல்லாம நிக்குது.

அந்த டீச்சர் மேலயும் கோவப்படாதீங்க, அவங்க சொன்ன விதி இங்கிலீஷோட சொந்த வார்த்தைக்குச் சரி. அதுவும் ஆதியில இருந்து வந்த விதி இல்ல. ராணிக்குப் பழைய இங்கிலீஷ்ல சி, டபிள்யூ போட்டுத் தான் எழுதினாங்க. 1066ல நார்மன்காரங்க இங்கிலாந்தைப் பிடிச்ச பிறகு பிரெஞ்சு வழக்கத்துல எழுதுறவங்க அதை க்யூ, யூ ஆக்கினாங்க, ‘க்வீன்’ அப்படித் தான் இன்னைக்கு இருக்குற எழுத்துக்கு வந்துச்சு.

நம்ம மொழியை வெச்சே சொல்லலாம். ட, ர, ல இதெல்லாம் தமிழ்ச் சொல்லுக்கு முதல்ல வராதுன்னு தொல்காப்பியத்துலயே இருக்கு. ஆனா நாம காலையில எழுந்ததும் டீ குடிக்கிறோம், ரயில் ஏறுறோம், ரோட்டுல லாரி போகுது. விதி உடையல, வெளியூர்ச் சொல் வந்து குடியேறியிருக்கு. க்யூ கதையும் அதே தான். யூ இல்லாத க்யூ வார்த்தை எதைப் பார்த்தாலும் “நீ எந்த ஊரு?”ன்னு கேக்கச் சொல்லுங்க. ஊரு தெரிஞ்சா அர்த்தம் கூடவே வந்துடும், 35 வருஷம் பாடம் நடத்துனதுல நான் கண்டது அது.

தஞ்சை கட்டம்225:

ஆன்ட்டி நான் காலேஜ்ல ஸ்க்ராபிள் டீம்ல இருக்கேன். வார்த்தை 100% செல்லும். ஆனா எந்த லிஸ்ட்டுன்னு பார்க்கணும், நம்ம நாட்டுப் போட்டியில காலின்ஸ்ங்கிற டிக்‌ஷனரிக்காரங்க போடுற லிஸ்ட் தான், அமெரிக்காக்காரங்களுக்கு வேற லிஸ்ட், அவங்க இந்த வார்த்தையை 2006ல தான் சேர்த்தாங்க, ‘ஓகே’ங்கிறதே அங்க 2018ல தான் உள்ள வந்துச்சு, காலின்ஸ்ல 2019. அதனால பழைய டிக்‌ஷனரியில தேடினா கிடைக்காது. அடுத்த தடவை ஆட்டம் தொடங்குறதுக்கு முன்னாடியே எந்த லிஸ்ட்டுன்னு ரெண்டு ஸ்கூலும் பேசி வெச்சிடச் சொல்லுங்க, நடுவுல சண்டையே வராது.

க்யூ ஏன் முக்கியம்னா மொத்தம் 100 கட்டையில அது ஒண்ணே ஒண்ணு, 10 மார்க். யூ நாலு தான் இருக்கு. யூ வரும் வரும்னு காத்துக்கிட்டிருந்து ஆட்டம் முடிஞ்சிட்டா அந்த 10 நம்ம கணக்குல கழியும், முதல்ல முடிச்சவங்களுக்கு அதே 10 ஏறும். அதே க்யூவை எழுத்துக்கு மூணு மடங்கு தர்ற கட்டத்துல வெச்சு, வலது பக்கமும் கீழயும் ஐ வர்ற மாதிரி அமைஞ்சிட்டா 30 கூட 1, அது ரெண்டு பக்கத்துக்கும் சேர்த்து 62. பொண்ணு யோசிச்சது நல்ல யோசனை ஆன்ட்டி, வாத்தியார் சொன்ன மாதிரி முதல்ல அதைச் சொல்லுங்க.

ஒரு விஷயத்துல மட்டும் வாத்தியார் சார்கிட்ட மாறுபடுறேன். அர்த்தம் தெரியணும்னு விளையாட்டு விதியிலயே கிடையாது. நைஜல் ரிச்சர்ட்ஸ்னு நியூசிலாந்துக்காரர் பிரெஞ்சு பேசத் தெரியாமலே வார்த்தை லிஸ்ட்டை மட்டும் மனப்பாடம் பண்ணி 2015ல பிரெஞ்சு ஸ்க்ராபிள் உலகப் போட்டி ஜெயிச்சார். தினம் 20 வார்த்தை எழுதி எழுதிப் பார்த்தாலே போதும்.

கும்பகோணம் ஓய்வு வாத்தியார்:

தம்பி, அவர் ஞாபகசக்தி கோடியில ஒருத்தருக்கு. இந்தக் குழந்தைக்கு 13 வயசு, அர்த்தம் கேட்டப்ப சொல்ல முடியாம நின்ன வலி தான் அவளைச் சாப்பிட விடாம பண்ணியிருக்கு. விதியில இருக்கோ இல்லையோ, அடுத்த தடவை யாராவது கேட்டா அவ நிமிர்ந்து பதில் சொல்லணும். அதுக்கு அர்த்தம் வேணும்.

தஞ்சை கட்டம்225:

சரி சார், அது நியாயம். நான் போட்டிக்குன்னு மட்டும் யோசிச்சிட்டேன்.

நாகூர் ஜவுளிக்கடை:

தங்கச்சி, உங்க பொண்ணுக்குப் பாதி வார்த்தை எங்க ஊர்லயே கிடைக்கும். அரபியில ‘காஃப்’னு ஒரு எழுத்து இருக்கு, நம்ம க-வை விட உள்ளே தள்ளி அடித்தொண்டையில இருந்து வரும். அதை இங்கிலீஷ்ல எழுதுறப்ப கே போடாம க்யூ போட்டாங்க. யூவுக்கு அங்க வேலையே இல்ல.

கந்தூரி சமயத்துல நாகூருக்கு வாங்க, பச்சைத் தலைப்பாகையும் கையில தாயிராங்கிற பறையுமா பக்கீர்மாரைப் பார்க்கலாம். ‘ஃபகீர்’ அது தான், எஃப், ஏ, க்யூ, ஐ, ஆர். மூலச்சொல்லுக்கு வறுமைன்னு அர்த்தம், இறைவனைத் தவிர வேற சொத்து வேணாம்னு இருக்குறவர். அடுத்தது ‘காதி’, க்யூ, ஏ, டி, ஐ. இஸ்லாமியச் சட்டப்படி தீர்ப்பு சொல்ற நீதிபதி. வருஷா வருஷம் பிறை தெரிஞ்சுது, நாளைக்கு நோன்புன்னு தலைமை காஜி அறிவிக்கிறதா நியூஸ்ல வருதுல்ல, அந்தக் காஜி தான் இந்தக் காதி. ‘வக்ஃப்’, டபிள்யூ, ஏ, க்யூ, எஃப், அறக்காரியத்துக்குன்னு நிரந்தரமா எழுதி வெச்ச சொத்து, ஒரு தடவை எழுதிட்டா விக்கவோ வாரிசுக்குப் பிரிக்கவோ கூடாதுங்கிறது தான் அதோட அடிப்படை. கோயில் பேர்ல நிலம் எழுதி வெக்கிறது உங்க பக்கம் ஊருக்கு ஊர் இருக்கும், பொண்ணுக்கு ஒரே வரியில புரியும்.

தெருவுல சிவப்புக் கொடி ஊர்வலத்துல ‘இன்குலாப்’னு கோஷம் போடுறாங்களே, அதுவும் காலின்ஸ்ல இருக்குன்னு எங்க வீட்டுப் பையன் காட்டினான். புரட்சின்னு அர்த்தம். 7 எழுத்து, குட்டி வார்த்தை இல்ல, ஆனா நம்ம தஞ்சாவூர் ஜில்லாவுல இந்தச் சத்தம் கேக்காத காதே இருக்காது, அதான் சொன்னேன்.

மாயவரம் டு மஸ்கட்:

அக்கா நான் மஸ்கட்ல 11 வருஷமா இருக்கேன், என் பங்குக்கு ரெண்டு. ‘சூக்’, எஸ், யூ, க்யூ, சந்தை. இங்க மத்ரா சூக்னு துறைமுகத்தை ஒட்டி ஒரு பழைய பஜார் இருக்கு, மேல கூரை போட்ட சந்து சந்தா, உள்ள நுழைஞ்சா சாம்பிராணி வாசனை தான், நம்ம பெரிய கடைத்தெரு ஞாபகம் வந்துடும். போர்டுல எல்லாம் ஓ, யூ சேர்த்துப் பெருசா எழுதியிருப்பாங்க, விளையாட்டுக்கு மூணெழுத்தே போதும். இதுல யூ முன்னாடி வருதுங்கிறதை மட்டும் பொண்ணுகிட்ட சொல்லிடுங்க. இன்னொண்ணு ‘காத்’, க்யூ, ஏ, டி. ஏமன் நாட்டுல மெல்லுற ஒரு இலை. எங்க ரூம்ல முன்னாடி ஒரு ஏமன்காரர் இருந்தார், ஊர்ல மத்தியானம் ஆனா ஆம்பளைங்க கூட்டமா உக்காந்து அதைக் கொஞ்சம் கொஞ்சமா கன்னத்துல ஒதுக்கி மணிக்கணக்கா மெல்லுவாங்கன்னு சொல்வார், ஒரு பக்கக் கன்னம் எலுமிச்சம்பழம் வெச்ச மாதிரி புடைச்சிருக்குமாம். நம்ம கும்மோணம் வெத்தலை மாதிரி இல்ல அது, போதை தர்றது, நிறைய நாட்டுல தடை.

அப்புறம் ‘கனாத்’, க்யூ, ஏ, என், ஏ, டி. ஓமன்லயும் இந்த மாதிரி கால்வாய் இருக்கு, இங்க பேரு அஃப்லாஜ். ஈரான்ல தான் கனாத்ம்பாங்க. மலையடிவாரத்துல தாய்க்கிணறு ஒண்ணு, அங்க இருந்து ஊரு வரைக்கும் வரிசையா குழி தோண்டி, அடியில சுரங்கம் மாதிரி ஒண்ணோட ஒண்ணைச் சேர்த்து, மோட்டாரே இல்லாம வாட்டத்துலயே தண்ணியைக் கொண்டுவர்றது. வெயில்ல ஆவியாகாது. நாம ஆத்துத் தண்ணிக்கு மேட்டூர் திறப்பாங்களான்னு பார்த்துக்கிட்டு இருக்குறவங்க, இதைச் சொன்னா யாருக்கும் மறக்காது.

கும்பகோணம் ஓய்வு வாத்தியார்:

தண்ணி பேச்சு வந்ததால ஒண்ணு. நம்ம அணைக்கட்டே இங்கிலீஷ்ல ஒரு வார்த்தை, ‘அனிகட்’, காலின்ஸ்லயும் இருக்கு. கல்லணையை கிராண்ட் அனிகட்னு எழுதினாங்க, 1836 வாக்குல ஆர்தர் காட்டன் கொள்ளிடத்துல கட்டினதை முக்கொம்புல அப்பர் அனிகட், அணைக்கரையில லோயர் அனிகட்னாங்க. அடுக்கினா 8 மார்க் தான் வரும். இருந்தாலும் பொண்ணு அதைத் தெரிஞ்சுக்கட்டும், வெளியூர்ச் சொல் இங்கிலீஷுக்குள்ள குடியேறுறதுல நம்ம ஊர்ச் சொல்லும் சேர்த்தின்னு அவளுக்குத் தெரியணும்.

நன்னிலம் அம்மா:

9 நாள் கழிச்சு எழுதுறேன், மன்னிச்சுக்கோங்க, நடவு ஆள் வந்துட்டாங்க, மழையும் பிடிச்சுக்கிச்சு. நீங்க எழுதினதை எல்லாம் அப்படியே அவகிட்ட வாசிச்சுக் காமிச்சேன். வாத்தியார் ஐயா சொன்ன டீ, ரயில், லாரிக்கு எழுந்து உக்காந்தா. மறுநாளே பழைய காலண்டர் பின்பக்கத்துல வார்த்தைக்குப் பக்கத்துல ஊர் பேரு, அதுக்குப் பக்கத்துல அர்த்தம்னு எழுதி சமையக்கட்டு சுவத்துல ஒட்டிட்டா, நான் அரிசி களையுறப்ப “சூக் எந்த ஊரு?”ன்னு என்னையே கேக்குறா, நானும் சொல்றேன்.

எங்கப்பா பொதுப்பணித்துறையில லஸ்கரா இருந்து ரிடையர் ஆனவர், அணைக்கரையில ஷட்டர் ஏத்தி இறக்குற வேலை. அனிகட் இங்கிலீஷ் டிக்‌ஷனரியில இருக்குன்னு இவ சொன்னதும் அவர் பொட்டியில இருந்து பழைய தண்ணி அளவு நோட்டு ஒண்ணை எடுத்துட்டு வந்தார், அட்டையில லோயர் அனிகட்னு இங்கிலீஷ்ல அச்சு. “இந்த எழுத்தை 30 வருஷம் பார்த்தேன், நம்ம வார்த்தைன்னு நினைச்சது கூட இல்ல”ன்னு விரலை வெச்சுத் தடவிக்கிட்டே இருந்தார். கனாத் கதையை இவ சொன்னா, எல்லாம் கேட்டுட்டு “அடியில போற வாய்க்கால்னா எப்படித் தூர் வாருவான்?”னு ஒரே கேள்வி. இவளுக்குத் தெரியல, போன்ல ரெண்டு நாள் தேடிக் கண்டுபிடிச்சா, அந்த வரிசைக் குழி ஒவ்வொண்ணுலயும் ஆளு இறங்கி மண்ணை வாரி வாளியில மேல ஏத்துவாங்களாம். கனாத்தை இனி தூக்கத்துல கேட்டாலும் சொல்வா.

தஞ்சை தம்பி சொன்ன மாதிரி லிஸ்ட்டு விஷயத்தை டீச்சர்கிட்ட நேர்ல போய்ப் பேசினேன், காலின்ஸ் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்துக்கிட்டு இவளும் வந்தா. டீச்சர் பொறுமையா பார்த்தாங்க, ச்சீக்கு என்ன அர்த்தம்னு திரும்பக் கேட்டாங்க, இவ சொன்னா, அடுத்த ஆட்டத்துல இருந்து இந்த லிஸ்ட்டே வெச்சுக்கலாம்னுட்டாங்க. நாகூர் அண்ணன், மாயவரத்துத் தம்பி, எல்லாருக்கும் ரொம்ப நன்றி.

இப்ப இசட்டுக்கு வந்திருக்கா. இமயமலைப் பக்கம் யாக்கும் பசுவும் கலந்த மாட்டுக்கு ‘ஸோ’ன்னு பேராம், இசட், ஓ, ரெண்டே எழுத்து. அது பால் கறக்குமான்னு எங்கப்பா கேக்குறார், இவ அதுக்குப் பதில் தேடிக்கிட்டிருக்கா, தெரிஞ்சவங்க சொல்லுங்க.

தஞ்சை கட்டம்225:

ஆன்ட்டி, ஸோங்கிறது பொதுவா காளை, ஏர் உழவும் சுமை தூக்கவும் வெச்சிருப்பாங்க, அதால கன்னு உண்டாகாது. கறக்குறது ஸோமோ, அது பசு. யாக்கை விட நிறையவே கறக்கும்னு தாத்தாகிட்ட சொல்லுங்க.